உங்கள் கோப்பில் இருப்பதை எங்கள் வில்லங்கச் சான்றிலும் எழுதுங்கள்: பதிவுத்துறைத் தலைவருக்கும் சேலம் மாவட்ட ஆட்சியருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு பதிவுத்துறைத் தலைவர் அவர்களுக்கும், சேலம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும்,

சேர்வராயன் மலையடிவாரத்தை ஒட்டிச் சேலத்தின் வடபகுதியில் உள்ள எங்கள் குடியிருப்பின் புல எண்ணில் (சர்வே நம்பரில்) பத்திரப் பதிவு முடக்கப்பட்டது குறித்து நாங்கள் கொடுத்த மனுவுக்குச் சென்ற மாதம் பதில் வந்தது. சொத்தின் உரிமையை விசாரிக்கும் அதிகாரம் பதிவு அலுவலருக்கு இல்லை என்றும், பாதிக்கப்பட்டவர்கள் உரிமையியல் நீதிமன்றத்தை அணுகலாம் என்றும், மனை வாங்குவதற்கு முன் தீர விசாரித்துக்கொள்வது வாங்குபவரின் பொறுப்பு என்றும் அந்தப் பதில் கூறுகிறது. முதல் இரண்டும் சட்டப்படி சரியானவை. அவற்றில் எனக்கு வழக்கில்லை. மூன்றாவதை ஏற்க முடியாததால்தான் இந்த மடலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். நாங்கள் எதைத் தீர விசாரித்திருக்க வேண்டுமோ அது அரசு அலுவலகத்தின் கோப்பொன்றில் இருந்தது. அது அங்கே இருந்த காலம் முழுவதும், அதே அலுவலகம் எங்களுக்கு அதைப் பற்றி ஒரு வரியும் இல்லாத வில்லங்கச் சான்றுகளைக் கட்டணம் பெற்றுக்கொண்டு வழங்கியது.

நான் உரிமம் பெற்ற ஆவண எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். கிரயம், செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, விடுதலை, பவர் என எல்லா வகைப் பத்திரங்களும் எழுதியிருக்கிறேன். அவற்றைவிட அதிகமாக வில்லங்கச் சான்றுகளை வாசித்திருக்கிறேன். தாய்ப்பத்திரத்திலிருந்து நடப்புப் பத்திரம் வரை தொடர்ச்சி அறாமல் வருகிறதா, இடையில் இறந்துபோன ஒருவருடைய வாரிசுகளில் யாராவது கையெழுத்திடாமல் விடுபட்டிருக்கிறார்களா, மைனரின் பங்கை நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்றிருக்கிறார்களா, பவர் கொடுத்தவர் கிரயத்தன்று உயிரோடு இருந்தாரா என்று துருவிப் பார்ப்பது எங்கள் தொழிலில் பாதி. அப்படிப் பார்த்த பிறகே இந்தக் குடியிருப்பில் நானும் மனை வாங்கினேன். அண்டை வீட்டார் பலருடைய பத்திரங்களை வங்கியின் வழக்கறிஞர்கள் படித்து லீகல் ஒபினியன் கொடுத்திருக்கிறார்கள். அதன் பேரில்தான் வீட்டுக்கடன் கிடைத்தது. மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் இருக்கிறது. அதன் சாலைகளையும் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தையும் உள்ளாட்சி அமைப்பு தானப் பத்திரம் மூலம் பெற்றுக்கொண்டது. அந்தத் தானப் பத்திரத்தையும் பதிவுத்துறைதான் பதிந்து கொடுத்தது. மனைப்பிரிவு போட்டவருக்கு நிலத்தில் உரிமையே இல்லையென்றால், அவரிடம் தானம் வாங்கிய சாலைக்குத் தார் போட்டதும் தெருவிளக்கு வைத்ததும் எந்தக் கணக்கில் சேரும் என்று யாரும் இதுவரை சொல்லவில்லை.

குறை வெளிப்பட்ட விதத்தைச் சொல்கிறேன். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்துச் சிறுகச் சிறுகச் சேர்த்து, 1,200 சதுர அடி மனையில் வீடு கட்டியவர் எங்கள் தெருக்காரர். அவர் இறந்த பிறகு, மீதமிருந்த வங்கிக்கடனை அடைக்கவும் மகளின் படிப்பை முடிக்கவும் வீட்டை விற்பதென்று அவருடைய மனைவி முடிவு செய்தார். வாரிசுச் சான்று வாங்கியாயிற்று, விலை பேசி அட்வான்ஸும் கைமாறியாயிற்று. தெருவுக்கான வழிகாட்டி மதிப்பு இணையத்தில் வழக்கம்போலவே இருந்தது. அதன்படி முத்திரைத்தீர்வையும் கட்டப்பட்டது. பத்திரத்தின் எல்லாப் பக்கங்களிலும் கையெழுத்திட்டுவிட்டு, டோக்கன் அழைக்கப்படும்வரை மகளுடன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த அம்மையாரிடம், கணினியைப் பார்த்த ஊழியர், "இந்த சர்வே நம்பர் பிளாக் ஆகியிருக்குங்கம்மா, பதிய முடியாது" என்றார். அவர் தன் மஞ்சள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டி, "போன வாரம் இங்கயே எடுத்த வில்லங்கங்க இது, ஒண்ணுமில்லைன்னுதானேங்க வந்திருக்கு" என்றார். அந்தக் கேள்விக்கு அன்று அங்கே இருந்த எவரிடமும் பதில் இல்லை. ஊழியரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? வில்லங்கச் சான்று தயாரிக்கும் திரையில் அந்தத் தடை தெரிவதில்லை. பத்திரம் பதியும் திரையில்தான் தெரிகிறது. இரண்டும் ஒரே துறையின் ஒரே மென்பொருளுக்குள் இருக்கின்றன.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்டுப் பெற்ற நகல்கள் இப்போது என் முன்னால் இருக்கின்றன. அவற்றில் ஒன்று, பட்டியலிட்ட நிலங்களில் பத்திரம் பதியக் கூடாதென்று வேறொரு துறையிலிருந்து வந்த ஒற்றைப் பக்கக் கடிதம். அதன் கீழே தட்டச்சு செய்த பட்டியல். வரிசை எண், கிராமம், புல எண், உட்பிரிவு, பரப்பு என்று ஐந்து கட்டங்கள் போட்டிருக்கிறார்கள். எங்கள் புல எண்ணுக்கு நேரே உட்பிரிவுக் கட்டமும் பரப்புக் கட்டமும் காலியாக உள்ளன. அந்த வெற்றிடத்தை அலுவலகம் 'முழுப் புலமும்' என்று பொருள்கொண்டு மொத்தத்தையும் முடக்கிவிட்டது. இதைவிட மனத்தை உறுத்துவது கடிதத்தின் தேதி. கடிதம் வந்து சேர்ந்த பிறகும் எங்கள் மனைப்பிரிவில் கிரயங்கள் பதிவாகியிருக்கின்றன. கடிதம் கோப்பில் கிடந்திருக்கிறது. பட்டியல் கணினியில் ஏறியது மிகவும் பிற்பாடு. இடைப்பட்ட காலத்தில் மனை வாங்கியவர்கள், அரசுக்குத் தெரிந்த ஒரு குறையை அரசிடமே கேட்டும் தெரிந்துகொள்ள முடியாமல், அரசுக்கே தீர்வையும் கட்டணமும் செலுத்தி வாங்கியிருக்கிறார்கள்.

குறையின் வேர் இன்னும் பழையது. 1963-ஆம் ஆண்டின் சிறு இனாம் ஒழிப்புச் சட்டத்தை ஒட்டி நடந்த நிலவரித் திட்டத்தில், எங்கள் புலத்தின் ஒரு பகுதி கோயில் ஊழிய மானியம், அதாவது கோயில் பணிக்காக விடப்பட்ட நிலம் என்றும், எஞ்சியது தனியார் ரயத்துவாரி நிலம், அதாவது அரசுக்கு நேரடியாக வரி கட்டும் பட்டா நிலம் என்றும் பழைய பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கிறது. பிறகு 1979 முதல் 1987 வரை யு.டி.ஆர். எனப்படும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் வந்தது. அந்தத் திட்டத்தில் விடுபட்ட பெயர்கள், மாறிப்போன பரப்புகள், ஒன்றாகிப்போன உட்பிரிவுகள் எத்தனை என்பது தாலுகா அலுவலகத்துக்கு ஒருமுறையேனும் போயிருக்கிற எவருக்கும் தெரியும், 'யு.டி.ஆர். பிழை' என்பது எங்கள் மாவட்டத்தில் உழவர்கள்கூட அன்றாடம் சொல்லும் சொல்லாகிவிட்டது. எங்கள் புலத்தில் மானியப் பகுதியும் தனியார் பகுதியும் அப்போது ஒரே பெயரில் சேர்ந்துபோயின. யு.டி.ஆருக்குப் பிந்தைய 'அ' பதிவேட்டை, அதாவது கிராம நிலங்களின் விவரப் பதிவேட்டைப் பார்த்தவர்களுக்கு அது பழுதில்லாத பட்டா நிலம்; அதற்கு முந்தைய பதிவேட்டைப் பார்க்க முடிந்தவர்களுக்கு மட்டும்தான் மானியம் தெரியும். இரண்டும் அரசின் பதிவேடுகள். ஒன்று இணையத்தில் இருக்கிறது. மற்றொன்று பீரோவில் இருக்கிறது. பீரோவில் இருப்பது உரிமையைப் பறிக்க மட்டும் வெளியே வருகிறது.

கோயில் நிலம் போகட்டும் என்று நான் வாதிடவில்லை. இந்து சமய அறநிலையக் கொடைகள் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி, ஆணையரின் அனுமதியில்லாமல் கோயில் சொத்தை விற்றது செல்லாது. 109-ஆம் பிரிவுப்படி அதை மீட்கப் போடும் வழக்குக்குக் காலவரம்பும் இல்லை. 'பன்னிரண்டு வருஷம் அனுபவித்தால் சொந்தம்' என்று திண்ணையில் பேசுவதெல்லாம் இங்கே எடுபடாது. அரசு நிலமென்றால்கூட முப்பது ஆண்டு. சட்டம் இத்தனை கடுமையாக இருப்பதால்தான், வாங்குபவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டியது இத்தனை அவசியமாகிறது. முப்பது ஆண்டு வில்லங்கம் பார்த்தால் போதும் என்று வங்கிகள் வைத்திருக்கும் வழக்கம், அறுபதுகளில் ஏற்பட்ட ஒரு குறைக்கு முன்னால் பயனற்றது. மானியம் என்ற குறிப்பு தொடக்கத்திலேயே வில்லங்கச் சான்றில் ஏறியிருந்தால், மனைப்பிரிவே வந்திருக்காது. கோயிலுக்கும் அதன் நிலம் மனைகளாகாமல் அப்படியே மிஞ்சியிருக்கும்.

வில்லங்கச் சான்று என்பது, அசையாச் சொத்துப் பத்திரங்களைப் பதியும் முதலாம் புத்தகத்தில் பதிவான ஆவணங்களின் சுருக்கம் மட்டுமே என்பதை நான் அறிவேன். பொதுமக்களில் பெரும்பாலோர் அறியமாட்டார்கள். பெயரைப் பார்த்து, சொத்தின்மேல் உள்ள எல்லா வில்லங்கமும் அதில் இருக்கும் என்று நம்புகிறார்கள். ஆனால் அரசு ஒரு நிலத்தை எடுத்துக்கொள்ளும்போது பத்திரம் எழுதிப் பதிவதில்லை, அரசிதழில் அறிவிக்கிறது. 1978-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் பொருந்திய நகரங்களில் சேலமும் ஒன்று. அந்தச் சட்டம் 1999-இல் நீக்கப்பட்டது. அதற்கு முன் உபரி என்று அறிவித்துச் சுவாதீனம் எடுத்ததாகக் காகிதத்தில் காட்டப்பட்ட நிலங்கள் அரசிடமே நின்றன. அவற்றில் பல மனைகளாகக் கைமாறியிருக்கின்றன, விவரமறியாமல் வாங்கியவர்களுக்கென்று தனியாக ஒரு வரன்முறைத் திட்டத்தை அரசே கொண்டுவர வேண்டிய அளவுக்கு. அத்தகைய மனை ஒன்றின் வில்லங்கச் சான்றை எடுத்துப் பாருங்கள்: கிரயம், அடமானம், அடமான ரத்து, மறுபடி கிரயம் என்று ஒழுங்காகப் போகும், அரசு எடுத்துக்கொண்டது மட்டும் அதில் இருக்காது. கையகப்படுத்தல் சட்டத்தின் கீழ் எடுத்த நிலத்துக்கும் இதே கதைதான். ஒடுக்கப்பட்டோருக்கு அரசு ஒப்படை செய்த (நிபந்தனையோடு வழங்கிய) பஞ்சமி நிலத்தின் நிபந்தனையும், நிலமற்றோருக்கெனத் தானமாகப் பெற்ற பூதான நிலத்தின் விற்பனைத் தடையும் அச்சான்றில் தாமாக வந்துவிடுவதில்லை.

மாறாக, பதிவேட்டில் கை வைக்க அரசுக்கு அவசரம் வந்தால் எவ்வளவு வேகமாக வைக்கும் என்பதையும் சேலம் மாவட்டத்து மக்கள் பார்த்திருக்கிறார்கள். சேலம்–சென்னை எட்டுவழிச் சாலைக்காக 2018-இல் நிலமெடுப்பு அறிவிக்கைகள் வந்தபோது, கையகப்படுத்தல் முடிவதற்கு முன்பே வருவாய்ப் பதிவேடுகளில் மாற்றம் செய்யப்பட்டது. அதைப் பழையபடி நில உடைமையாளர் பெயருக்கே மாற்றும்படி 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. வழக்கு பின்னர் உச்ச நீதிமன்றம்வரை போனது வேறு விஷயம். எடுக்கப்போகிற நிலத்துக்குப் பதிவேட்டை முன்கூட்டியே மாற்றத் தெரிந்த நிர்வாகத்துக்கு, எடுத்து நாற்பது ஆண்டுகளான நிலத்தின் புல எண்ணுக்கு எதிரே ஒரு குறிப்பு எழுத ஏன் தெரியவில்லை?

மலைமேல் நிலைமை இன்னும் சிக்கலானது. ஏற்காட்டில் காப்பித் தோட்டங்கள் 1820-களில் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் காலத்திலிருந்து இருக்கின்றன. மலையாளிப் பழங்குடியினரின் ஊர்களும் நிலங்களும் அவற்றுக்கும் முந்தியவை. இன்று பழைய எஸ்டேட்டுகள் துண்டாகி, இருபது சென்ட், முப்பது சென்ட் எனப் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வருகிறவர்களுக்கு விற்கப்படுகின்றன. வாங்குபவர் தாய்ப்பத்திரத்தைக் கேட்கிறார். அது இருக்கிறது, எழுபது எண்பது ஆண்டுப் பழைமையான தோட்டப் பத்திரம், குறையில்லாத தொடர்ச்சி. அவர் கேட்கத் தெரியாத கேள்விகள் வேறு. அந்தத் தோட்டம் 1961-ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டத்திலிருந்து தோட்டப்பயிர் என்ற காரணத்துக்காக விலக்குப் பெற்றதா? ஐந்து பேர் குடும்பத்துக்கு 15 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்ற வரம்பைத் தாண்டிய நிலம் அந்த விலக்கால் மட்டுமே நிற்கிறதென்றால், காப்பிச் செடியைப் பிடுங்கி விடுதி கட்டும் நாளில் அந்த விலக்கு என்ன ஆகும்? நிலத்தின் ஏதேனும் ஒரு பகுதி 1949-ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறதா? வருமானால், அதற்கென உள்ள குழுவின் முன் அனுமதி இல்லாத விற்பனை செல்லாது. பழங்குடியினருக்கு நிபந்தனையோடு ஒப்படைக்கப்பட்ட நிலம் இடையில் சேர்ந்திருக்கிறதா? மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் இசைவு இல்லாமல் மனைப்பிரிவு போடப்பட்டதா? இவை ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு துறையில் ஒவ்வொரு கோப்பு. எந்தக் கோப்புக்கும் வில்லங்கச் சான்றோடு தொடர்பில்லை. பணமும் வழக்கறிஞரும் உள்ள வெளியூர்க்காரராவது எப்படியோ சமாளித்துக்கொள்வார். எழுதப் படிக்கத் தெரியாத தகப்பன் கைநாட்டு வைத்துக் கொடுத்த நிலத்தின் ஒப்படை நிபந்தனை மீறப்பட்டிருப்பது தெரியாமல், அந்த நிலத்தின் வேலியோரம் கூலிக்கு மிளகு பறிக்கும் மலையாளி இளைஞர்களை நான் பார்த்திருக்கிறேன். மறைக்கப்பட்ட குறை, வாங்குபவரை மட்டும் கெடுப்பதில்லை.

எல்லாக் குறைகளையும் உங்கள் மேல் சுமத்துவது முறையன்று. பதிவு செய்யப்படாத உயில் ஒன்று யாருடைய டிரங்குப் பெட்டியிலாவது இருக்கலாம். உயிலைப் பதிய வேண்டுமென்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை. மகள்களுக்குத் தமிழ்நாட்டில் 1989-லும் நாடு முழுவதற்கும் 2005-லும் கிடைத்த பங்குரிமையை மறைத்து, மகன்கள் மட்டும் கையெழுத்திட்ட பாகப்பிரிவினைகள் ஏராளம். இவற்றை எந்த அலுவலகமும் கண்டுபிடித்துத் தர முடியாது. விசாரிக்க வேண்டியது வாங்குபவர்தான். நிலுவையிலுள்ள வழக்கு இதற்கும் அதற்கும் நடுவில் நிற்கிறது: சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, வழக்கு நடக்கும்போது வாங்கியவர் அதன் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர், வழக்கைப் பற்றி அவருக்குத் தெரியாமல் இருந்தாலும்கூட. நீதிமன்ற இணையதளத்தில் வழக்கு எண்ணையோ கட்சிக்காரர் பெயரையோ கொடுத்தால் தேடலாம். புல எண்ணைக் கொடுத்துத் தேட வழியில்லை. மகாராட்டிரத்தில் அத்தகைய வழக்கின் அறிவிப்பைப் பதிவு செய்தால்தான் வாங்கியவரைக் கட்டுப்படுத்தும் என்று திருத்தம் இருக்கிறது. நம் மாநிலத்தில் இல்லை.

உங்கள் தரப்பு விடையை நான் ஊகிக்க முடியும். பதிவு அலுவலர் உரிமையை ஆராயக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது என்பீர்கள். உண்மை: முந்தைய அசல் பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு என்று 2022-இல் கொண்டுவந்த தமிழ்நாடு பதிவு விதிகளின் 55-அ விதியை, 2025 ஏப்ரலில் கோபி வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. மோசடிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்ய வழிசெய்த பதிவுச் சட்டத்தின் 77-அ பிரிவை 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. இரண்டிலும் நோக்கம் நல்லதுதான். ஆனால் இரண்டுமே அலுவலரை நீதிபதியாக்கப் பார்த்தவை. நான் கேட்பது அதுவன்று. உரிமை யாருடையது என்று தீர்மானிக்க வேண்டாம். இந்தப் புல எண்ணின்மேல் இன்ன துறை இன்ன தேதியில் இவ்வளவு பரப்புக்கு உரிமை கோரியிருக்கிறது என்று மட்டும் தெரிவியுங்கள். அரசு, கோயில் நிலங்கள் போன்றவற்றின் பத்திரத்தைப் பதிய மறுக்கச் சொல்லும் அதே சட்டத்தின் 22-அ பிரிவின் கீழ் ஒரு பத்திரத்தை மறுக்க அந்தத் தகவல் போதுமானதென்றால், அதே சொத்துக்கு வில்லங்கச் சான்று தரும்போது சொல்வதற்கும் அது போதுமானதே.

அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்றும் சொல்ல இயலாது. 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், 57-ஆம் பிரிவில், முதலாம் இரண்டாம் புத்தகங்களை யார் கேட்டாலும் பார்வைக்குத் திறந்து வைக்கச் சொல்கிறது. இரண்டாம் புத்தகம் எது என்பது பொதுமக்களுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். பதிவு மறுக்கப்பட்ட ஆவணங்களையும் மறுத்த காரணங்களையும் எழுதும் புத்தகம் அது. எங்கள் புல எண்ணில் முதல் மறுப்பு அந்தப் புத்தகத்தில் எழுதப்பட்ட பிறகும், வெளியே வழங்கிய சான்று ஒவ்வொன்றும் முதலாம் புத்தகத்தை மட்டுமே பார்த்து எழுதப்பட்டது. கொலுசுப் பட்டறைக்காரரின் மனைவிக்குப் பதிவுக்கு முந்திய வாரம் கிடைத்த தாளும் அப்படிப்பட்டதே. இன்றைய கணக்கில் ஒரு கிரயத்துக்கு முத்திரைத்தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. 30 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 2 லட்சத்து 70 ஆயிரம். இவ்வளவு பெற்றுக்கொள்கிற துறை, தன் இரண்டாம் புத்தகத்தைத் திறந்து பார்த்து ஒரு வரி சேர்க்கும் என்று எதிர்பார்ப்பது பேராசையாகாது.

ஆகவே எங்கள் கோரிக்கைகளை வைக்கிறேன். பதிவுத்துறைத் தலைவர் அவர்களே, 22-அ பிரிவின் கீழ் தடை செய்யப்பட்ட எல்லாப் புல எண்களையும், தடை கோரிய துறை, கடிதத்தின் எண், தேதி, கோரப்பட்ட உட்பிரிவு, பரப்பு ஆகிய விவரங்களோடு உங்கள் இணையதளத்தில் யாரும் கட்டணமின்றிப் பார்க்கும்படி வெளியிடுங்கள். அதே விவரத்தையும், இரண்டாம் புத்தகத்தில் அந்தப் புல எண்ணுக்குரிய மறுப்புகளையும், வில்லங்கச் சான்றின் இறுதியில் தனிப் பகுதியாகச் சேர்க்க ஆணையிடுங்கள். கடிதம் கிடைத்த நாளிலேயே அது கணினியில் ஏற வேண்டும். ஏறத் தவறிய காலத்தில் வழங்கிய சான்றுகளுக்கு அலுவலகம் பொறுப்பேற்க வேண்டும். உட்பிரிவும் பரப்பும் இல்லாத கடிதத்தைத் திருப்பி அனுப்புங்கள்; முழுப் புலத்தையும் முடக்க அது காரணமாகக் கூடாது. தடை போடுவதற்கு முன், பட்டாவில் பெயருள்ளவர்களுக்கு அறிவிப்புக் கொடுத்து அவர்கள் தரப்பைக் கேட்க வேண்டும் என்பதையும் நடைமுறையாக்குங்கள். ரேஷன் அட்டையில் ஒரு பெயரை நீக்கக்கூட ஒரு விசாரணை இருக்கும் நாட்டில், வாழ்நாள் சேமிப்பை முடக்க ஒரு கடிதம் போதும் என்றிருப்பது நியாயமில்லை.

மாவட்ட ஆட்சியர் அவர்களே, யு.டி.ஆருக்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேடுகளையும் பழைய புலப்படங்களையும் தாலுகா வாரியாக ஒளிநகல் எடுத்து, இப்போதைய 'அ' பதிவேடு கிடைக்கும் அதே இடத்தில் பொதுமக்களுக்குக் கிடைக்கச் செய்யுங்கள். கோயில் நில ஆவணங்களை 2021-இல் அறநிலையத்துறை இணையத்தில் ஏற்றத் தொடங்கியபோது முடியாததல்ல என்று தெரிந்துவிட்டது; வருவாய்த்துறையின் பழைய பதிவேடுகளும் வந்தால்தான் ஒன்றோடொன்று ஒப்பிட முடியும். நகர்ப்புற உச்சவரம்பில் அரசு எடுத்ததாகக் கூறும் சேலம் நகரப் புல எண்களின் முழுப் பட்டியலை வெளியிடுங்கள். ஏற்காடு தாலுகாவுக்கு, உச்சவரம்பு விலக்கு, தனியார் காடு அறிவிக்கை, பழங்குடியினர் ஒப்படை நிபந்தனை ஆகியவை எந்தெந்தப் புல எண்களுக்கு உண்டோ அவற்றின் 'அ' பதிவேட்டுக் குறிப்புக் கட்டத்தில் அதை எழுதச் சொல்லுங்கள். அந்தக் கட்டம் அதற்காகவே போடப்பட்டது. பெரும்பாலும் காலியாகக் கிடக்கிறது.

எங்கள் குடியிருப்பைப் பொறுத்தவரை கேட்பது இதுதான். பழைய புலப்படத்தை இப்போதைய புலப்படத்தின்மேல் பொருத்தி, மானியப் பகுதி எந்தெந்த மனைகளில் விழுகிறது என்பதை வருவாய், அறநிலைய, பதிவுத் துறைகளின் கூட்டு அளவை மூலம் முடிவு செய்யுங்கள். குடியிருப்போர் முன்னிலையில் அது நடக்கட்டும். அந்தப் பகுதிக்கு வெளியே உள்ள மனைகளின் தடையை உடனே நீக்குங்கள். உள்ளே இருப்பவர்களுக்கு, கோயிலின் உரிமைக்குக் குறைவு வராமல், அங்கே குடியிருப்பவர்களும் தெருவுக்கு வராமல் தீர்வு காணச் சட்டம் எந்த வழியை அனுமதிக்கிறதோ அதை எழுத்தில் சொல்லுங்கள். பதிவு மறுக்கப்பட்ட அந்த அம்மையார் வீட்டுக்காகச் செலுத்தப்பட்ட முத்திரைத்தீர்வையை அலைக்கழிக்காமல் திருப்பித் தர வழி செய்யுங்கள். அட்வான்ஸ் கொடுத்தவர் பணத்தைக் கேட்டு வாசலில் நிற்கிறார். இந்த மடலுக்கான பதிலில் உரிமையியல் நீதிமன்றத்தின் முகவரி எங்களுக்குத் தேவையில்லை. எங்கள் புல எண்ணில் எத்தனை சென்ட் மானியம், அது எந்தப் பக்கம் என்ற இரண்டு விவரங்களை, ஆதாரமான பதிவேட்டுப் பக்கத்தின் சான்றிட்ட நகலோடு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆவண எழுத்தர் ஒருவர்,
குடியிருப்போர் சார்பில், சேலம்